குண்டுமல்லிக்குப் பனிக்கால வேலை: கார்த்திகையில் மண் பார்ப்பது முதல் மாசியில் மொட்டு வரும் வரை

திருப்பரங்குன்றம் பக்கம் ஒன்றரை சென்ட் இடத்தில் நாற்பது குண்டுமல்லிச் செடி வைத்திருக்கிறேன். மாடியில் தொட்டிகளில் ஆறு. விற்கிற அளவுக்கு இல்லை. வீட்டுக்கும் கோயிலுக்கும் போக மிஞ்சியதைத் தெருவில் கொடுப்போம். கார்த்திகை பிறந்தால் யாராவது ஒருவர் வந்துவிடுவார். "செடி அப்படியே நிக்குது, பூவே காணோம், என்ன உரம் போடலாம்?"

அவரிடம் நான் சொல்வது: உரம் ஐந்தாவது வேலை. முன்னால் இருக்கும் நான்கையும் தாண்டிப் போட்டால் காசு மண்ணோடு போகும்.

பனிக்காலத்தில் செடியும் மண்ணும் சேர்ந்து தூங்குகின்றன என்று பலர் நினைக்கிறார்கள். பூமி உறைந்து போகும் தேசங்களில் மண்ணுயிர்கள் கிட்டத்தட்ட அசைவற்றுக் கிடக்கும். மதுரையில் மார்கழி விடியலில் நமக்குத்தான் குளிர்கிறது. இரவு வெப்பம் 20 டிகிரியை ஒட்டி இறங்கும், அவ்வளவே. அரை அடி ஆழத்தில் மண் அதற்கும் மேலே வெதுவெதுப்பாகவே இருக்கும். ஐப்பசி மழையின் ஈரமும் சேர்ந்துகொள்வதால் மண்புழுவுக்கும் பூஞ்சைக்கும் நுண்ணுயிர்களுக்கும் வருடத்தில் இதுதான் நல்ல காலம். அவற்றை ஒடுக்குவது குளிர் இல்லை, தை பாதியில் மண் காயத் தொடங்குவதுதான். அதனால் மண் வேலை எல்லாம் ஈரம் போவதற்குள் முடிய வேண்டும். கீழே உள்ள வரிசையே அதற்காகத்தான்.

1. முன்கூட்டி எடுத்து வைக்க வேண்டியவை

கவாத்துக்கு, அதாவது கிளை வெட்ட, நல்ல கூர்மையான கத்தரி, மம்பட்டி, களைக்கொத்து, ஒரு கண்ணாடி ஜாடி, ஒரு துணிப் பை. செடிக்குப் பத்து கிலோ கணக்கில் மக்கிய தொழு உரம். வேப்பம் புண்ணாக்கு, சூப்பர் பாஸ்பேட், பொட்டாஷ், யூரியா. வெட்டுக்காயத்தில் தடவக் கொஞ்சம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்னும் பூஞ்சைக்கொல்லி.

இதில் எல்லோரும் தடுக்கி விழுவது எருவில்தான். நானும் முதல் வருடம் ஒருவர் டிராக்டரில் கொண்டுவந்து கொட்டியதை அப்படியே வாங்கிப் போட்டேன். மேலே காய்ந்து, உள்ளே பச்சைச் சாணமாக இருந்தது. ஒரு மாதத்தில் பாத்தியெல்லாம் சுருண்ட வெள்ளைப் புழு. ஏழு செடி வாடியது. பிடுங்கினால் கையோடு வந்தது, பக்க வேர் ஒன்றுகூட இல்லை.

மக்கிய எருவில் சாண வாடை இருக்காது, மண் வாசம்தான் இருக்கும். குவியலுக்குள் கையை விட்டால் சூடு தெரியக் கூடாது. வைக்கோலும் குச்சியும் அடையாளம் தெரியாமல் உதிர வேண்டும். சந்தேகமாக இருந்தால் ஆவணியிலேயே வாங்கி, தண்ணீர் தெளித்து மூடி வைத்துவிடுங்கள். கார்த்திகைக்குத் தயாராகிவிடும்.

2. ஒரு அடி தோண்டிப் பாருங்கள்

இந்த வேலையை யாரும் செய்வதில்லை. எனக்கோ வருடத்தில் பிடித்த வேலையே இதுதான்.

மழை விட்டு மூன்று நாள் கழித்து, செடியின் தண்டிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, ஒரு அடி நீளம், அகலம், ஆழத்துக்குக் குழி எடுங்கள். மண்ணை ஒரு சாக்கில் கொட்டுங்கள். மழை பெய்த அன்றே தோண்டினால் மண் மம்பட்டியில் அப்பிக்கொள்ளும், ஒன்றும் தெரியாது. மிதித்து இறுக்கியதுதான் மிச்சமாகும்.

முதலில் முகர்ந்து பாருங்கள். முதல் மழைக்கு எழும் மண்வாசனை வந்தால் நல்லது. அந்த வாசனை மண்ணிலுள்ள ஒரு வகை நுண்ணுயிர்கள் உண்டாக்கும் பொருளால் வருவது. உயிர் இருக்கிறது என்று பொருள். அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் அங்கே தண்ணீர் தேங்கி, காற்றுப் புகாமல் இருக்கிறது. அந்த இடத்துக்கு எருவைவிட முதலில் வடிகால் வேண்டும். பாத்திக்கு வெளியே ஒரு முழ ஆழத்தில் வாய்க்கால் இழுத்துவிடுங்கள்.

அடுத்து வேர். குழியின் ஓரத்தில் நூல் போன்ற வேர்கள் தெரியும். நுனி வெள்ளையாக இருந்தால் வேர் இப்போதும் வளர்கிறது. மேலே ஒரு தளிர்கூட இல்லாத செடியின் கீழே இந்த வெள்ளை நுனியைக் காட்டினால் புதிதாக வந்தவர்கள் நம்ப மாட்டார்கள், "இது புல்லு வேரா இருக்கும்" என்பார்கள். பகல் சுருங்கி, இரவு குளிர்ந்ததும் மல்லிகை பூப்பதைக் குறைத்துக்கொண்டு, இலை செய்த மாவுச்சத்தைத் தண்டிலும் வேரிலும் சேர்த்து வைக்கும். மதுரையில் மார்கழியின் சிறிய பகல் பதினொன்றரை மணி நேரம். ஆனியின் பெரிய பகலோடு பார்த்தால் ஒரு மணி நேரத்துக்கும் சற்று அதிகமான வித்தியாசம். நாம் கவனிக்காவிட்டாலும் செடி கவனிக்கிறது.

வேரில் முடிச்சு முடிச்சாக வீங்கியிருக்கிறதா? நகத்தால் உரசுங்கள். உதிர்ந்தால் அது பக்கத்தில் நின்ற தட்டாம்பயறு போன்ற பயறுச் செடியின் வேர் முடிச்சாக இருக்கும், நல்லது செய்வது. உதிராமல் வேரே வீங்கியிருந்தால் வேருக்குள் புகும் நுண்ணிய நூற்புழு. அந்தச் செடிக்கு வேப்பம் புண்ணாக்கைக் கூட்டிப் போடுங்கள், இடைவெளியில் கேந்திப் பூ நடுங்கள். கேந்தி வேரிலிருந்து கசியும் பொருள் நூற்புழுவைக் குறைக்கும்.

தண்டு மண்ணைத் தொடும் இடத்தையும் பார்த்துவிடுங்கள். வெள்ளை நூல் படர்ந்து, நடுவே கடுகு போன்ற உருண்டைகள் இருந்தால் அது வாடல் நோய்ப் பூஞ்சை. அந்தக் கடுகுதான் அடுத்த மழை வரை மண்ணில் உயிரோடு கிடப்பது. மேல் மண்ணைச் சுரண்டி எடுத்து அப்புறப்படுத்துங்கள். அந்த மம்பட்டியைக் கழுவாமல் அடுத்த செடிக்குக் கொண்டு போகாதீர்கள்.

கடைசியாக ஜாடி. மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர். நன்றாகக் குலுக்கி வையுங்கள். ஒரு நிமிடத்துக்குள் அடியில் படிவது மணல். அடுத்த இரண்டு மணி நேரத்தில் அதன் மேல் படிவது வண்டல். ஒரு நாள் கழித்தும் கலங்கலாக நிற்பது களி. திருமங்கலம் பக்கத்துக் கரிசல் என்றால் களி அடுக்கு தடிமனாக இருக்கும், செம்மண் என்றால் மணல். தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு முறை என்பதை இந்த ஜாடிதான் பிறகு சொல்லப் போகிறது.

3. மண் மாதிரி எடுப்பது

ஆய்வுக்குக் கொடுப்பதானால் இப்போதே எடுங்கள். எரு போட்ட பிறகு எடுத்தால் மண்ணின் கணக்கு வராது, எருவின் கணக்குத்தான் வரும். என் மைத்துனர் புண்ணாக்கு போட்ட மறுவாரம் எடுத்துக் கொடுத்துவிட்டு, "மண்ணு பிரமாதமாம்" என்று சந்தோஷமாக இருந்தார்.

ஐந்தாறு இடங்களில் மேல் குப்பையை ஒதுக்கி, ‘வி’ வடிவில் ஒரு அடி ஆழத்துக்கு வெட்டி, பக்கச் சுவரில் ஒரே கனத்தில் மண்ணைச் சீவி எடுங்கள். எல்லாவற்றையும் கலந்து, வட்டமாகப் பரப்பி, நான்காகப் பிரித்து எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளிவிடுங்கள். அரைக் கிலோ மிஞ்சும் வரை இப்படியே. நிழலில் உலர்த்தித் துணிப் பையில் போட்டு, வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுக்கலாம். எருக்குழிக்குப் பக்கத்திலும் வரப்பிலும் எடுத்த மண் கூடாது.

4. கவாத்து

நவம்பர் கடைசி வாரம் தொடங்கி செய்யலாம், அதாவது கார்த்திகை நடுவில். மழை கொட்டிக்கொண்டிருந்தால் நான்கு நாள் தள்ளிப் போடுங்கள். ஈரத்தில் வெட்டினால் வெட்டுவாய் வழியாகப் பூஞ்சை இறங்கி, கிளை நுனியிலிருந்து காய்ந்துகொண்டே வரும்.

தரையிலிருந்து 45 சென்டிமீட்டர் உயரத்தில் வெட்டுகிறோம். ஒன்றரை அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் காய்ந்த குச்சி, நோய் பிடித்தது, ஒன்றோடொன்று உரசுவது, அடியிலிருந்து வரும் மெலிந்த போத்து ஆகியவற்றை அடியோடு எடுங்கள். அப்புறம்தான் உயரம். உயரத்தை முதலில் வெட்டிவிட்டால் எது பழுது, எது நல்லது என்று அடையாளம் தெரியாது.

ஒவ்வொரு வெட்டும் கணுவுக்குச் சற்று மேலே, சாய்வாக. தண்ணீர் நிற்காமல் வழிந்துவிடும். கட்டைவிரல் கனமுள்ள வெட்டுகளுக்குக் காப்பர் ஆக்ஸிகுளோரைடைக் கூழாகக் குழைத்துத் தடவுங்கள்.

இவ்வளவு கடுமையாக ஏன் வெட்ட வேண்டும்? குண்டுமல்லி புதுத் தளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும், பழைய கிளையில் வைக்காது. செடி சேர்த்து வைத்த மாவுச்சத்தை இருபது பழைய குச்சிகள் பங்கு போட்டுக்கொள்வதைவிட எட்டுப் புதுத் தளிர்களுக்குப் போவது மேல்.

ஆனால் கை வராது. அது எனக்குத் தெரியும். தைப் பொங்கலுக்கு முன்னால் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் மல்லி கிலோ ஆயிரங்களில் போகும்போது, நாலு மொட்டு இருக்கிற செடியில் கத்தரியை வைக்க யாருக்கு மனசு வரும்? விலை ஏறுவதற்குக் காரணமே பனியில் எல்லார் செடியும் இப்படி நிற்பதுதான். பொங்கல் வரை காத்திருந்து பத்துப் பூப் பறித்துவிட்டு வெட்டினால், தளிர் வரும் நேரத்தில் மண் ஈரம் போயிருக்கும். மனது கேட்கவில்லை என்றால் கால்வாசிச் செடிகளை மட்டும் விட்டு வையுங்கள்.

வெட்டிய குப்பையைப் போகிக்கு எரிக்கச் சேர்த்து வைப்பது இன்னொரு பழக்கம். நோய் பிடித்த குச்சியை மட்டும் எரியுங்கள். மற்றதை நறுக்கி எருக்குழியில் போடுங்கள்.

5. பாத்தி திறந்து எரு வைப்பது

வெட்டிய அன்றோ மறுநாளோ செய்யுங்கள். தண்டிலிருந்து ஒரு அடி தள்ளி, வட்டமாக, அரை அடி ஆழத்துக்கு மண்ணைத் தளர்த்துங்கள். தண்டை ஒட்டிக் கொத்த வேண்டாம், உணவு உறிஞ்சும் இளம் வேர்கள் பெரும்பாலும் வெளி வட்டத்தில்தான் இருக்கின்றன. அந்த வட்டத்தில் பத்து கிலோ எரு. நான் கால் கிலோ வேப்பம் புண்ணாக்கும் சேர்ப்பேன்.

வளர்ந்த செடிக்கு வருடத்துக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) 60 கிராம், மணிச்சத்து (பாஸ்பரஸ்) 120, சாம்பல்சத்து (பொட்டாசியம்) 120. இதில் பாதி கவாத்துக்குப் பின், மீதிப் பாதி ஜூன், ஜூலையில். கடைச் சரக்காகச் சொன்னால் இப்போது சூப்பர் பாஸ்பேட் 375 கிராம், பொட்டாஷ் 100 கிராம், யூரியா 65 கிராம். ஆய்வு முடிவு கையில் இருந்தால் அதன்படி மாற்றிக்கொள்ளுங்கள்.

சூப்பர் பாஸ்பேட்டையும் பொட்டாஷையும் எருவோடு கலந்து இன்றே உள்ளே வைத்து மண்ணை மூடிவிடுங்கள். மணிச்சத்து போட்ட இடத்தை விட்டு அதிகம் நகராது. மேலே தூவினால் மேலேயே கிடக்கும். யூரியாவைத் தொடாதீர்கள், அதன் முறை பிறகு.

நோய்ப் பூஞ்சையை அடக்கும் ட்ரைக்கோடெர்மா விரிடி வாங்கியிருந்தால் எருவில் கலந்து ஒரு வாரம் நிழலில் ஈரமாக வைத்திருந்து போடுங்கள். அதைப் போட்ட பாத்தியில் காப்பர் மருந்தை ஊற்றக் கூடாது. ட்ரைக்கோடெர்மாவும் பூஞ்சைதான், காப்பர் பூஞ்சைக்கொல்லி. காலையில் ஒன்று, மாலையில் இன்னொன்று என்று இரண்டையும் ஊற்றியவரை நான் பார்த்திருக்கிறேன்.

எருவைத் தண்டின் மேல் குவித்து வைப்பதும் அடிக்கடி நடக்கிறது. செல்லமாகப் போர்த்திவிடுகிறார்கள். கடுகுப் பூஞ்சை அங்கேதான் ஏறும். தண்டைச் சுற்றி நான்கு விரல் இடம் வெறுமையாக இருக்கட்டும்.

6. காத்திருப்பது, அப்புறம் யூரியா

இனி பத்து, பதினைந்து நாள் மேலே ஒன்றும் தெரியாது. பொட்டல் குச்சிகள்தான். பயமாக இருந்தால் ஒரு குச்சியை நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். தோலுக்கு அடியில் பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக, காய்ந்து இருந்தால் இன்னும் கொஞ்சம் கீழே கீறுங்கள். பச்சை தெரியும் இடம் வரை வெட்டிவிட்டால் போதும்.

இந்த நாட்களில் செடி தன் இருப்பைத்தான் செலவு செய்கிறது. யூரியாவை இப்போது போட்டால் வாங்கிக்கொள்ள இலை இல்லை. கார்த்திகை மழை ஒன்று வந்தால் கரைந்து வேருக்குக் கீழே போய்விடும். கணுக்களில் தளிர் மூக்கு நீட்டி, இரண்டு இலை விரிந்ததும் வெளி வட்டத்தில் தூவி, மண்ணைக் கிளறி, தண்ணீர் விடுங்கள்.

கோரையைத் தோண்ட இதுவே சமயம். ஈர மண்ணில் கிழங்கு கோத்த மாலை மாதிரி வரும். மேலே இழுத்தால் தாள் மட்டும்தான் கையில், கிழங்கு உள்ளே நின்று மறுபடி முளைக்கும்.

7. தண்ணீர்

பனிக்காலத்தில் மல்லிகை தாகத்தால் சாவதைவிடத் தண்ணீரால் சாவதே அதிகம், தொட்டியில் குறிப்பாக. செடி தண்ணீரை இலை வழியாகத்தான் வெளியே விடுகிறது. இலையே இல்லாத குச்சி என்ன குடிக்கும்? எதிர்வீட்டு அக்கா கவாத்து செய்த தொட்டிச் செடிகளுக்குத் தினம் காலையில் கோலம் போட்ட கையோடு ஒரு செம்பு ஊற்றினார். தை பிறப்பதற்குள் மூன்றும் அழுகிவிட்டன. "பாவம், வெட்டின செடியாச்சேன்னு ஊத்துனேன்" என்றார்.

விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விடுங்கள். ஈரம் தட்டினால் வேண்டாம். நிலத்தில் அரை அடியில் மண்ணெடுத்துப் பிடித்துப் பாருங்கள். உருண்டை நின்றால் பொறுங்கள், உதிர்ந்தால் விடுங்கள். மழை நின்ற பிறகு செம்மண்ணில் எனக்கு வாரம் ஒரு முறை ஆகிறது, கரிசலில் அதைவிட நாள் பிடிக்கும். கரிசல் மேலே வெடித்தாலும் உள்ளே ஈரம் வைத்திருக்கும், வெடிப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

நேரம், வெயில் ஏறிய பின் எட்டு, ஒன்பது மணி. மாலையில் இலை நனைய ஊற்றினால் அதன் மேல் இரவுப் பனியும் சேர்ந்து, காலை வரை இலை ஈரமாகவே இருக்கும். இலைப்புள்ளி வர அது போதும்.

8. மூடாக்கு

மூடாக்கு என்பது ஈரம் காயாமல் மண்ணின் மேல் பரப்பும் இலைதழை. இதைத் தை பிறந்த பிறகுதான் போட வேண்டும். மழை மாதத்தில் போட்டால் ஈரம் அடைந்து நத்தையும் பூஞ்சையும் குடி வரும். பொங்கல் முடிந்ததும் தெருவெல்லாம் கரும்புச் சோகை கிடக்கும். சும்மா கிடைக்கிற மூடாக்கு அதைப் போல வேறில்லை. முழ நீளத்துக்கு நறுக்கி, நான்கு விரல் கனத்துக்குப் பரப்புங்கள். மாசியில் வேம்பு இலை உதிர்க்கும்போது அதையும் கூட்டிச் சேர்க்கலாம்.

மூடிய இடத்தில் மண்புழு மேலேயே நிற்கும், திறந்த இடத்தில் ஈரத்தைத் தேடி ஆழத்துக்குப் போய்விடும். பங்குனியில் இரண்டு இடத்திலும் ஒரு கொத்துக் கொத்திப் பார்த்தால் தெரியும்.

செம்மண்ணில் கரையான் வரும். மூடாக்கு தண்டைத் தொடாமல் பார்த்துக்கொண்டால் செடிக்குச் சேதம் குறைவு. வாரம் ஒரு முறை தூக்கிப் பார்த்துவிடுங்கள்.

9. தளிர் மஞ்சளாக வந்தால்

நரம்பு பச்சையாக, நடுவில் மஞ்சளாக இளம் இலை வந்தால் அது இரும்புச்சத்துக் குறை. மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் அது வேருக்குக் கிடைக்காமல் பிணைந்து கிடக்கிறது. காய்ந்த மண்ணில் எலுமிச்சைச் சாறு விடுங்கள், நுரைத்தால் சுண்ணாம்பு மண். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்து மாலையில், பனி இறங்குவதற்கு முன் இலை உலர்ந்துவிடும் நேரத்தில், தெளியுங்கள். மண்ணில் போட்டால் அதுவும் பிணைந்துகொள்ளும்.

தண்ணீர் தேங்கினாலும் இதே மஞ்சள் வரும். அதனால் மருந்துக்கு முன் விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள்.

10. பக்கத்தில் நிற்கும் மற்றவை

மாமரத்துக்கு மார்கழியில் தண்ணீர் விடாதீர்கள். குளிர்ந்த இரவும் காய்ந்த வேரும் சேர்ந்தால்தான் பூங்கொத்து வரும். தண்ணீர் கிடைத்தால் இலைத் தளிராகத் தள்ளிவிடும். பிஞ்சு பட்டாணி அளவு ஆனதும் பாய்ச்சலாம். கறிவேப்பிலை மார்கழியில் தளிர்க்காமல் நிற்பது அதன் வழக்கம், வெயில் ஏறினால் தானே வரும். செங்காந்தள் கொடி காய்ந்து போனால் செத்துவிட்டது என்று தோண்டிப் போடாதீர்கள். கிழங்கு கீழே உறங்குகிறது. அந்த இடத்தை நனைக்காமல் ஒரு குச்சி நட்டு அடையாளம் வைத்தால் போதும்.

11. மாசி: முதல் மொட்டு

எல்லாம் வரிசையாக நடந்திருந்தால் மாசிக் கடைசியில் தளிர் நுனிகளில் மூன்று மூன்றாக மொட்டு தெரியும். இப்போதுதான் தண்ணீரைக் கூட்ட வேண்டும். மொட்டு வைத்த பிறகு வேர் காய்ந்தால் மொட்டு சிறுத்து உதிரும்.

இரண்டு, மூன்று மொட்டுகள் நூலாம்படையால் சேர்த்துக் கட்டியது போல ஒட்டியிருந்து, ஒன்றில் ஊசி ஓட்டை தெரிந்தால் மொட்டுப்புழு வந்துவிட்டது. நாற்பது செடிக்கு மருந்து எதற்கு? காலையில் பூப்பறிக்கும்போது ஒரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர் எடுத்துப் போய், அந்த மொட்டுகளைக் கிள்ளி அதில் போட்டுவிடுங்கள். கீழே எறிய வேண்டாம். புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, அடுத்த மாதம் அந்துப்பூச்சியாக வந்து நிற்கும்.